குழந்தையின் மனக்கலக்கத்துக்கு மென்மையான மூலிகைகள்: எதை, எவ்வளவு நம்பலாம்?

முல்லைவேலி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 8 வயது. எதையும் கூர்ந்து கவனிக்கிற, சட்டென்று மனம் கலங்கிவிடுகிற குழந்தை. புதிய வகுப்புக்கு மாறியதிலிருந்து இரவில் அவளுக்கு உறக்கம் வர வெகுநேரம் ஆகிறது. படுத்த பிறகு, ‘ஆசிரியர் கேள்வி கேட்டு எனக்குப் பதில் தெரியாவிட்டால் என்ன செய்வது?’, ‘நீங்கள் என்னை அழைத்துப்போக வர மறந்துவிட்டால்?’ என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிறு வலிக்கிறது என்கிறாள். விடுமுறை நாள்களில் அந்த வலி வருவதில்லை. மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறாள், விளையாடுகிறாள், தோழிகளோடு பழகுகிறாள். ஆகவே இதை நோய் என்று சொல்லவும் மனம் வரவில்லை, ஒன்றுமில்லை என்று விட்டுவிடவும் முடியவில்லை.

உறவினர் ஒருவர் படுக்கும் முன் கெமோமில் தேநீர் கொடுக்கச் சொல்கிறார். இன்னொருவர் லெமன் பாம் இலையையும், தலையணையில் லாவெண்டர் எண்ணெய் தெளிப்பதையும் பரிந்துரைக்கிறார். இவை போதாவென்று, வலேரியன், பாசிஃப்ளோரா, அமுக்கரா மூன்றும் சேர்ந்த ‘குழந்தைகளுக்கான அமைதிச் சொட்டு’ ஒன்றின் விளம்பரமும் என் கண்ணில் பட்டது. முற்றிலும் இயற்கையானது, பக்கவிளைவே இல்லாதது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். இவற்றில் உண்மையிலேயே மென்மையானவை எவை, இவள் வயதுக்கு எவ்வளவு கொடுக்கலாம், கொடுத்தால் ஏதேனும் பயன் உண்டா என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கல்வம் (மறுமொழி)

வணக்கம் அம்மா. நான் மருந்தாளுநராகப் பணியாற்றுகிறேன். மூலிகைகளை இகழ்பவன் அல்லன். ஆனால் ‘இயற்கையானது, ஆகவே பக்கவிளைவு இல்லை’ என்ற வாசகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் புட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கம் உள்ளவன். ஒரு மூலிகை மென்மையானதா என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. எந்தச் செடி, அதன் எந்தப் பகுதி, நீரில் ஊறியதா, சாராயத்தில் ஊறியதா, வடித்தெடுத்த எண்ணெயா, குடிக்கும் குழந்தைக்கு என்ன வயது, அந்தக் குழந்தை வேறு என்ன மருந்து உட்கொள்கிறது என்பவற்றைப் பொறுத்து விடை மாறும்.

நீங்கள் குறிப்பிட்டவற்றில் ஓரளவு நிம்மதியோடு பேசக்கூடியது கெமோமில். அதிலுள்ள அபிஜெனின் என்னும் பொருள், மூளையில் பதற்றத்தைத் தணிக்கும் காபா ஏற்பிகளில் பென்சோடயசெப்பின் என்னும் பதற்றத்தணிப்பு மருந்துகள் பற்றிக்கொள்ளும் அதே இடத்தில் மெலிதாகப் பற்றுவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. பொதுப்பதற்றக் கோளாறு உள்ள 57 பெரியவர்களுக்குக் கெமோமில் சாற்றையும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையையும் கொடுத்து ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. சாறு உட்கொண்டவர்களுக்குச் சிறிதளவு கூடுதல் நன்மை தெரிந்தது. ஆனால் அது அளவிட்டுத் தயாரித்த சாறு. வீட்டில் ஊறவைக்கும் தேநீர் அன்று. பங்கேற்றவர்களும் குழந்தைகள் அல்லர். ஐரோப்பிய மருந்துகள் முகமை, சிறிய வயிற்று உபாதைகளுக்குக் கெமோமில் தேநீரைக் குழந்தைகளுக்கும் ஏற்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் பதற்றமும் கவலையும் இல்லை.

லெமன் பாம் இலை, லாவெண்டர் பூ, வலேரியன் வேர், பாசிஃப்ளோரா ஆகிய நான்கையும் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருந்தாகப் பரிந்துரைக்க இயலாது என்பது அதே முகமையின் நிலைப்பாடு. வலேரியனும் லெமன் பாமும் கலந்த மாத்திரையை 12 வயதுக்கு உட்பட்ட 918 குழந்தைகளுக்குக் கொடுத்த ஆய்வு ஒன்று 2006-இல் வெளியாயிற்று. பெரும்பாலோருக்கு அமைதியின்மையும் தூக்கக் குறைவும் குறைந்தன என்ற அதன் முடிவை விளம்பரங்கள் விரும்பி மேற்கோள் காட்டுகின்றன. ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க மருந்து தரப்படாத குழு எதுவும் இல்லை. குழந்தைகளின் தூக்கக் குறைவு சில வாரங்களில் தானாகவே சரியாவது சாதாரணம். அப்படியிருக்க, எது மருந்தின் பயன், எது காலத்தின் பயன் என்று அதிலிருந்து பிரித்தறிய முடியாது.

அந்தக் கலவைச் சொட்டை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. மூன்று மூலிகைகள் ஒன்றாக இருக்கும்போது, தோலில் தடிப்பு ஏற்பட்டாலோ மறுநாள் குழந்தை மந்தமாக இருந்தாலோ எதனால் என்று கண்டறிய வழியில்லாமல் போகும். சொட்டு வடிவில் வரும் மூலிகைக் கரைசல்கள் பலவும் சாராயத்தில் ஊறவைத்தவை என்பதையும் கவனியுங்கள். சாராயத்தின் பங்கு பாதிக்கு மேலும் இருக்கக்கூடும். அமுக்கராவைப் பொறுத்தவரை, அதை உட்கொண்ட பெரியவர்கள் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது; தைராய்டு சுரப்பையும் அது மாற்றக்கூடும். டென்மார்க் 2023-இல் அதைத் தடைசெய்தது. அந்தத் தடை மிகையானது என்று வாதிடுபவர்களும் உண்டு. ஆனால் அந்த வாதத்தைத் தீர்த்துவைக்க எட்டு வயதுக் குழந்தையின் கல்லீரலைப் பயன்படுத்தத் தேவையில்லை.

நீங்கள் கேட்காவிட்டாலும் இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வுக்கென்று விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகையைத் தயவுசெய்து தொடாதீர்கள். அது கல்லீரலின் நொதிகளைத் தூண்டிப் பிற மருந்துகளின் வேலையைக் கெடுத்துவிடும். மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் செரடோனின் என்னும் மூளை வேதிப்பொருள் அளவுக்கு மீறி ஏறும் ஆபத்தும் உண்டு. கவனக்குறைவும் மிகுதுடிப்பும் உள்ள 54 குழந்தைகளிடம் அதைச் சோதித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், வெற்று மாத்திரையைவிட அது எவ்வகையிலும் மேலாக இல்லை. பதற்றத்துக்கென்று விற்கப்படும் காவா வேரும் அப்படியே விலக்கத் தக்கது, காரணம், அது கல்லீரலைப் பாதிக்கக்கூடும்.

அளவைப் பற்றிச் சொல்லும் முன் எனக்கு இரண்டு செய்திகள் தேவை. குழந்தைக்கு மகரந்த ஒவ்வாமை, ஆஸ்துமா, தோல் அரிப்பு ஏதேனும் உண்டா? தற்போது ஏதேனும் மருந்து உட்கொள்கிறாளா?

ஈரமண் (மறுமொழி)

கல்வம் ஐயா சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஓர் இடத்தில் மட்டும் சற்று விலகி நிற்க விரும்புகிறேன். ‘12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பரிந்துரைக்க இயலாது’ என்ற வாசகத்துக்குப் பல இடங்களில் பொருள், தீங்கு நிரூபணமாகிவிட்டது என்பதன்று. போதிய தரவு இல்லை என்பதே. லெமன் பாமும் கெமோமிலும் லாவெண்டரும் உணவுக்கு மணமூட்டும் பொருள்களாக அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் ஏற்ற பட்டியலில் உள்ளவை. தோட்டத்தில் பறித்த நான்கைந்து லெமன் பாம் இலைகளை வெந்நீரில் போட்டுத் தருவதும், அதே செடியின் செறிவூட்டிய சாற்றை மாத்திரையாகத் தருவதும் ஒன்றாகா. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால், பயந்த பெற்றோர் இலையையும் விலக்கிவிடுவார்கள், துணிந்த பெற்றோர் மாத்திரையையும் கொடுத்துவிடுவார்கள்.

நான் பல ஆண்டுகளாக இந்தச் செடிகளை வளர்க்கிறேன். என் அனுபவத்தில், மனம் கலங்கிய குழந்தைகளுக்கு லெமன் பாம் செய்யும் பெரிய உதவி கோப்பைக்குள் நடப்பதன்று, தொட்டியில் நடப்பது. புதினாவின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி எளிதில் சாகாது. தண்டை வெட்டி நீரில் வைத்தாலே பெரும்பாலும் வேர் விடும். அரை நிழலும் ஈரப்பதமும் போதும். தரையில் நட்டால் பரவிக்கொண்டே போகும் என்பதால் தொட்டியில் வைப்பது நல்லது. நீர் ஊற்றும் பொறுப்பைக் குழந்தையிடம் விட்டுவிடுங்கள். மாலையில் ஓர் இலையை விரல்களுக்கிடையே கசக்கி, மெதுவாக மூச்சை இழுத்து முகர்ந்து, அதைவிட மெதுவாக மூச்சை விடச் சொல்லுங்கள். எலுமிச்சை மணம் கிளம்பும். ‘மூச்சுப் பயிற்சி செய்’ என்றால் சிணுங்குகிற குழந்தை, ‘இலையை முகர்ந்து பார்’ என்றால் மறுக்காமல் செய்கிறது. நீண்டு வெளிவிடும் மூச்சே இதயத் துடிப்பைத் தணிக்கிறது. இலை அதற்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். நல்ல சாக்கு.

தேநீராகக் கொடுப்பதாக இருந்தால், பூ விடுவதற்கு முன் பறித்த இலையே மணம் மிக்கது. காய வைத்தால் மணம் பெரும்பகுதி போய்விடும் என்பதால் பச்சை இலையையே விரும்புகிறேன். கொதித்து இறக்கிய நீரை இலையின் மீது ஊற்றி, கட்டாயம் மூடிவையுங்கள். மூடாவிட்டால் ஆவியாகும் எண்ணெய் சமையலறைக்குத்தான் அமைதியைத் தரும். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் வடிகட்டிவிடலாம். எட்டு வயதுக்கு அரைக் கோப்பை போதும்; அதையும் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நள்ளிரவில் சிறுநீருக்காக எழுந்த குழந்தை மீண்டும் உறங்கப் பாடுபடும், கவலைகளும் கூடவே எழுந்துவிடும்.

கெமோமில் பூவை நீங்களே பறிப்பதாக இருந்தால் ஒரு சோதனை உண்டு. பூவின் நடுவிலுள்ள மஞ்சள் மேட்டை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். ஜெர்மன் கெமோமில் என்றால் உள்ளே வெற்றிடமாக இருக்கும். அதைப் போலவே தோன்றும் காட்டுச் செடிகள் சிலவற்றில் அம்மேடு உள்ளே நிறைந்து கெட்டியாக இருக்கும். அவற்றில் சில துர்நாற்றமும் கடும் ஒவ்வாமையும் தருபவை. அடையாளத்தில் ஐயம் இருந்தால் பறிக்கவே வேண்டாம்.

தாலாட்டு (இடைக்கேள்வி)

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் குழந்தைக்கு 10 மாதம். மாலையானால் காரணமின்றி அழுகிறது. இதே கெமோமில் தேநீரில் சிறிது தேன் கலந்து இரண்டு கரண்டி கொடுக்கலாமா?

கல்வம் (மறுமொழி)

வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள், இன்னும் முதிராத குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம். அதே வித்துகள் விற்பனையில் உள்ள கெமோமில் பூக்களிலும் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். பெரிய குழந்தைகளின் குடல் இவ்வித்துகளை முளைக்க விடாது; கைக்குழந்தையின் நிலை வேறு. அழுகைக்கென்று கொடுக்கப்பட்ட அன்னாசிப்பூத் தேநீரில் அதைப் போலவே தோற்றமளிக்கும் நச்சு இனம் ஒன்று கலந்துவிட்டதால் குழந்தைகளுக்கு வலிப்பு வந்த நிகழ்வுகளை ஒட்டி, 2003-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. மாலை அழுகை தொடர்ந்தால் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஈரமண் அவர்களுக்கு: உணவளவுக்கும் மருந்தளவுக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் எடுத்துச் சொன்னது சரியே. தரவு இல்லை என்பது தீங்கு உண்டு என்பதாகாது. ஆயினும், தரவு இல்லாத இடத்தில் ‘பாதுகாப்பானது’ என்று அச்சிட்டு விற்பவரை நோக்கித்தான் என் கடுமை. தொட்டியில் செடி வளர்ப்பவரை நோக்கி அன்று.

மாலைமணி (மறுமொழி)

வணக்கம் சகோதரி. நான் குழந்தைகளுக்கான உளநல ஆலோசகர். நீங்கள் விவரித்த வயிற்றுவலி நடிப்பு அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதற்றம் ஏறும்போது குடலின் இயக்கம் மாறுகிறது. குழந்தைக்கு உண்மையிலேயே வலிக்கிறது. விடுமுறையில் வராமல் பள்ளி நாளில் மட்டும் வருவது வலி பொய் என்பதைக் காட்டவில்லை, அதன் தூண்டுதல் எது என்பதைக் காட்டுகிறது.

மூலிகைகளைப் பற்றி மேலே இருவரும் சொன்னவை போதுமானவை. அவர்கள் பேசாத ஒன்றைப் பற்றி நான் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. குழந்தையின் பயத்தைக் கையாளுவதில், நாம் எதைக் கொடுக்கிறோம் என்பதைக் காட்டிலும் எந்த நேரத்தில், என்ன சொல்லிக் கொடுக்கிறோம் என்பது முக்கியமானது. காலையில் வயிறு வலிக்கும்போது, ‘இதைக் குடி, பயம் போய்விடும்’ என்று ஒரு கோப்பையை நீட்டினால், அன்றைக்கு அவள் பள்ளிக்குப் போகக்கூடும். ஆனால் அவள் கற்றுக்கொள்வது, ‘என்னால் போக முடிந்தது’ என்பதாக இருக்காது. ‘அதைக் குடித்ததால் போக முடிந்தது’ என்பதாகவே இருக்கும். பிறகு ஒரு நாள் அந்தத் தேநீர் இல்லாமல் போனால், பழைய பயத்தோடு புதிய பயம் ஒன்றும் சேர்ந்துகொள்ளும். அதில் இருப்பது கெமோமிலா, வெறும் வெந்நீரா என்பது இவ்விடத்தில் பொருட்டே இல்லை. ஆகவே காலையில் எதுவும் வேண்டாம். மாலையில், பயத்தோடு தொடர்பே இல்லாத ஓர் ஒழுங்காக, வீட்டில் எல்லோரும் குடிக்கும்போது அவளும் குடிக்கட்டும்.

இரவுக் கேள்விகளும் அப்படியே. ‘நான் கட்டாயம் வந்துவிடுவேன், கவலைப்படாதே’ என்று ஒவ்வொரு முறையும் உறுதி சொல்லும்போது அந்த நொடிக்கு நிம்மதி கிடைக்கிறது. அடுத்த நொடியில் மீண்டும் கேட்கத் தோன்றுகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் பெற்றோருக்கு மட்டும் பயிற்சியளிக்கும் ஒரு முறையை உருவாக்கி, பதற்றக் கோளாறுள்ள 124 குழந்தைகளின் குடும்பங்களில் சோதித்துப் பார்த்தார்கள். குழந்தை ஆலோசகரைச் சந்திக்காமலேயே, பெற்றோர் நடந்துகொள்ளும் விதம் மாறியதால் கிடைத்த பயன், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் அறிதல் நடத்தைச் சிகிச்சையைக் குழந்தைக்கே நேரடியாக அளித்ததன் பயனுக்குக் குறைந்ததாக இல்லை. அந்த முறையின் உயிர்நாடி இரண்டு கூறுகள் கொண்ட ஒரு பதிலில் இருக்கிறது: ‘இது உனக்கு எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று எனக்குப் புரிகிறது. உன்னால் இதைத் தாங்கிக்கொள்ள முடியும் என்றும் எனக்குத் தெரியும்.’ முதல் பாதி மட்டும் இருந்தால் பயத்துக்குத் துணைபோவதாகும். இரண்டாம் பாதி மட்டும் இருந்தால் கண்டிப்பாகும். உறுதிமொழிகளைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு, அந்த இடத்தில் இந்தப் பதிலைச் சொல்லிப் பாருங்கள். முதலில் சில இரவுகள் அழுகை கூடலாம்; அதைக் கண்டு பின்வாங்கிவிட வேண்டாம்.

பதற்றக் கோளாறு என்ற அளவுக்குப் போனாலும் அஞ்ச வேண்டியதில்லை. 7 முதல் 17 வயது வரையிலான 488 பேரிடம் நடத்தி 2008-இல் வெளியான பெரிய ஆய்வில், அறிதல் நடத்தைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரும், அதோடு மருந்தும் பெற்றவர்களில் 81 விழுக்காட்டினரும் தெளிவாகத் தேறினார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 24 விழுக்காட்டினர். எந்த மூலிகைக்கும் குழந்தைகளிடம் இத்தகைய சான்று கிடையாது. இதை மூலிகைகளைத் தாழ்த்துவதற்காகச் சொல்லவில்லை. தேநீரை முயன்று பார்க்கிறேன் என்று மாதக்கணக்கில் காத்திருக்கும் பெற்றோரை அடிக்கடி பார்ப்பதால் சொல்கிறேன்.

உறக்கத்தின் அளவையும் பாருங்கள். 6 முதல் 12 வயது வரை ஒரு நாளுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. குறட்டை விடுகிறாளா, கால்களை உதைத்துக்கொண்டே இருக்கிறாளா, முகம் வெளிறியிருக்கிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மூக்கின் பின்னுள்ள அடினாய்டு சதை வீங்கியிருந்தாலோ இரும்புச்சத்து குறைந்திருந்தாலோ எரிச்சலும் உறக்கக் குறைவும் வரும். அவற்றை எந்தப் பூவும் ஆற்றாது. பள்ளிக்கே போக மறுத்தாலும், உணவைக் குறைத்தாலும், ‘நான் இல்லாமல் போனால் நன்றாக இருக்கும்’ என்பது போன்ற சொற்கள் வந்தாலும், அன்றே உதவி தேடுங்கள்.

முல்லைவேலி (மறுமொழி)

மூவருக்கும் மிக்க நன்றி. கல்வம் ஐயா கேட்டவற்றுக்கு விடை: மகரந்தக் காலத்தில் அவளுக்குத் தொடர் தும்மலும் கண் அரிப்பும் வருவதுண்டு. அப்போது மட்டும் மருத்துவர் எழுதித் தந்த ஒவ்வாமை மருந்தை இரவில் கொடுக்கிறோம். வேறு மருந்து இல்லை. ஆனால் சென்ற முறை இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து சற்றுக் குறைவு என்றார்கள். அவளுக்கு ஆஸ்துமா இல்லை. லாவெண்டரைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே? தேநீரைப் பற்றி அவளிடம் என்ன சொல்லிக் கொடுப்பது என்றும் மாலைமணி அவர்கள் சொன்னால் நன்று.

மாலைமணி (மறுமொழி)

‘இது சூடாகவும் மணமாகவும் இருக்கும், குடித்துவிட்டுப் படுக்கப் போகலாம்’ என்பதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம். மருந்து என்ற சொல்லே வர வேண்டியதில்லை. அவள், ‘இது பயத்தைப் போக்குமா?’ என்று கேட்டால், ‘பயத்தைச் சமாளிக்க நீதான் பழகிக்கொண்டிருக்கிறாய், இது வெறும் தேநீர்’ என்று உண்மையையே சொல்லிவிடுங்கள். கவலைகளைப் பேசுவதற்குப் படுக்கையை விட்டு விலகிய ஒரு நேரத்தையும் ஒதுக்குங்கள். மாலையில் ஒரு கால் மணி நேரம் போதும். அந்த நேரத்தில் எல்லாக் கேள்விகளையும் கேட்கலாம். படுத்த பிறகு வரும் கேள்விகளை ஒரு தாளில் எழுதி மறுநாள் மாலைக்கு எடுத்துவைக்கலாம். மறுநாள் அந்தத் தாளைப் பிரிக்கும்போது பாதிக் கேள்விகள் அவளுக்கே சிரிப்பாக இருக்கும்.

கல்வம் (மறுமொழி)

நீங்கள் தந்த விவரங்களால் என் பதில் மாறுகிறது. கெமோமில், மகரந்த ஒவ்வாமையைத் தூண்டும் ராக்வீட் போன்ற செடிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. சாமந்தியும் சூரியகாந்தியும் அக்குடும்பத்தவையே. அவற்றின் மகரந்தத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கெமோமில் தேநீராலும் அரிப்பு, தடிப்பு, அரிதாக மூச்சுத்திணறல் வரை நேரலாம். உங்கள் மகளுக்கு எந்த மகரந்தம் ஆகவில்லை என்று பரிசோதித்துத் தெரியும்வரை கெமோமிலை விட்டுவிடுங்கள். லெமன் பாம் வேறு குடும்பம் என்பதால் அந்தத் தடை இல்லை. ஈரமண் சொன்ன உணவளவில், மாலையில் அரைக் கோப்பை என்பதற்கு எனக்கு மறுப்பு இல்லை. தைராய்டுக் கோளாறு உள்ள குழந்தையாக இருந்தால் அதற்கும் மருத்துவரைக் கேட்கச் சொல்லியிருப்பேன்.

ஒவ்வாமை மருந்து கொடுக்கும் நாள்களில் அந்தத் தேநீரையும் நிறுத்திவையுங்கள். குளோர்பெனிரமின் போன்ற பழைய வகை மருந்துகள் தாமே உறக்கம் தருபவை; சில குழந்தைகளுக்கு நேர்மாறாகப் பரபரப்பையும் உண்டாக்குகின்றன. உறக்கத்தைத் தூண்டக்கூடிய இரண்டைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு மறுநாள் வகுப்பில் மந்தம் என்று வருந்த வேண்டாம். அவள் உட்கொள்ளும் ஒவ்வாமை மருந்து எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரவுத் தூக்கக் குறைவில் அதன் பங்கும் இருக்கலாம்.

இரும்புச்சத்துக் குறைவு பற்றிச் சொன்னது நல்லதாயிற்று. சாதாரணத் தேயிலை மட்டுமல்லாமல், புதினா, கெமோமில் முதலியவற்றின் தேநீரும் உணவிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கும் என்று 1999-இல் வெளியான ஆய்வு காட்டியது. லெமன் பாமும், இரும்பைப் பிணைத்துக்கொள்ளும் பாலிஃபீனால்கள் என்னும் அதே வகைத் தாவரப் பொருள்கள் நிறைந்தது என்பதால், உணவோடும் இரும்பு மருந்தோடும் சேர்க்காமல் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டுக் கொடுங்கள்.

லாவெண்டரைப் பொறுத்தவரை, பெரியவர்களின் பதற்றத்துக்கு 80 மி.கி. எண்ணெய் அடங்கிய உறைமாத்திரை சில நாடுகளில் மருந்தாகவே விற்கப்படுகிறது. அதற்கு ஓரளவு நல்ல ஆய்வுகளும் உண்டு. அது குழந்தைகளுக்கானது அன்று. உலர்ந்த பூக்களைத் துணிப்பையில் கட்டிக் கட்டிலருகே தொங்கவிடுவதில் தீங்கில்லை. எண்ணெயைத் தலையணையில் தெளிக்க வேண்டாம். கண்ணிலும் தோலிலும் பட்டு எரிச்சல் தரும், தும்மல் உள்ள குழந்தைக்கு மூக்கையும் உறுத்தும். லாவெண்டர், தேயிலைமர எண்ணெய் கலந்த பூச்சுகளைத் தொடர்ந்து பயன்படுத்திய மூன்று சிறுவர்களுக்கு மார்பக வீக்கம் ஏற்பட்டதாக 2007-இல் ஒரு மருத்துவக் கட்டுரை வந்தது. அத்தொடர்பு இன்னும் விவாதத்தில் இருக்கிறது; பின்னர் வந்த ஆய்வுகள் சில அதை உறுதிப்படுத்தவில்லை என்பதால் அதற்காக நான் பெரிதும் அஞ்சவில்லை. எனக்குள்ள அச்சம் புட்டியைப் பற்றியது. யூகலிப்டஸ், கற்பூரம் போன்றவற்றின் எண்ணெயைச் சிறு குழந்தைகள் ஒரு வாய் விழுங்கிவிட்டு வலிப்போடு மருத்துவமனைக்கு வருவது பதிவாகியுள்ள உண்மை. எந்த நறுமண எண்ணெயாக இருந்தாலும் மருந்தைப் போலவே பூட்டி வையுங்கள்.

தேநீரைத் தொடங்கினால் அது மட்டுமே புதிதாக இருக்கட்டும். உறங்கும் நேரம், காலை வலி, மறுநாள் சோர்வு ஆகிய மூன்றையும் ஓரிரு வாரங்களுக்குக் குறித்துவாருங்கள். அந்தக் குறிப்பை அடுத்த முறை மருத்துவரிடம் காட்டி, இந்த இலையையும் மருந்துப் பட்டியலில் சேர்த்துச் சொல்லுங்கள். அறுவைச் சிகிச்சையோ மயக்க மருந்தோ தேவைப்படும் நிலை வந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். உதடு வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ, எங்களைக் கேட்டுக்கொண்டிராமல் உடனே அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.